புது வாத்தியாருக்கு யார் வாத்தியார்?

1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 25. அந்த இடத்தில் அதுவரை இருந்தவர் தியாகராச செட்டியார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். உடம்புக்கு முடியாமல் வேலையை விட வேண்டி வந்தபோது, தமக்குப் பின் வர வேண்டியவர் இவரே என்று கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் சொல்லி அந்த இடத்தை வாங்கித் தந்தார் செட்டியார். அதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் ஒதுங்கவில்லை. கல்லூரியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாணவர்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்றெல்லாம் புதியவருக்குச் சொல்லிக் கொடுத்தார். மடத்தில் பாடம் கேட்டும் பாடம் சொல்லியும் பழகியவருக்கு, மணி அடித்தால் வகுப்பு மாறும் ஆங்கிலக் கல்லூரி புது உலகம். அந்த உலகத்துக்குள் நுழையும்போது அவருக்குத் துணைக்கு ஒரு மூத்தவர் இருந்தார். சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் இதை அறிவார்கள்.

இன்று ஓர் அரசுப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியையை நினைத்துப் பார்ப்போம். பட்டப் படிப்பு, பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனத் தேர்வு என்று எல்லாப் படிகளையும் ஏறித்தான் அவர் வருகிறார். கலந்தாய்வில் மீதியிருந்த இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, சொந்த மாவட்டத்தை விட்டு வேறு மாவட்டத்தில் போய் இறங்குகிறார். தலைமை ஆசிரியர் பணியேற்புக் கடிதத்தை வாங்கிக்கொள்கிறார். கால அட்டவணையும் வருகைப் பதிவேடும் கைக்கு வருகின்றன. அடுத்த மணிக்கு அவர் எட்டாம் வகுப்பில் தனியாக நிற்கிறார். அன்றைய பாடம் எப்படிப் போனது என்று மாலையில் யாராவது கேட்டால் அவர் பாக்கியசாலி. அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இந்த இடத்தில் இப்படிக் கேட்டிருக்கலாம்மா” என்று சொல்ல யாருக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே என்னென்ன வந்தன, எது விட்டுப்போனது என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

கூட இருந்து கற்ற காலம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராவதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. வளர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளை ஆவான். சின்னப் பிள்ளைகளை மணலில் எழுதப் பழக்குவான். எண்சுவடியை அவன் முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். அண்ணாவி எனப்படும் வாத்தியார் ஒரு பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருப்பார். தப்பு வந்த இடத்திலேயே திருத்துவார். இப்படிச் சில வருடம் பழகியவனுக்குப் பாடம் சொல்வது கைவந்துவிடும்.

1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் நடத்திப் பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியும் என்பதுதான் அங்கே பலரைக் கவர்ந்தது. ஆனால் பாடம் சொல்லக் கற்றுக்கொள்ள, பாடம் சொல்பவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற உண்மையும் அதற்குள் இருந்தது.

1856-இல் சென்னையில் அரசு ‘நார்மல் பள்ளி’ ஒன்றைத் தொடங்கியது. சைதாப்பேட்டையில் இன்றும் இயங்கும் அரசுக் கல்வியியல் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். ஆசிரியராவதற்குப் பயிற்சி என்பது அங்கிருந்து தனிக் கட்டமாயிற்று. பயிற்சி நிறுவனத்தை ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி இருக்கும். பயிற்சி மாணவர் அங்கே பாடம் நடத்துவார், வழிகாட்டி ஆசிரியர் பின்னால் இருந்து குறிப்பெடுப்பார். கடைசியில் ‘கமிஷன்’ வரும். வெளியிலிருந்து வந்தவர்கள் முன்னால் பாடம் நடத்திக் காட்டித் தேற வேண்டும். கை நடுங்கக் கரும்பலகையில் எழுதிய அந்த நாளை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார்.

இது பெரிய முன்னேற்றம். பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாயிற்று. பள்ளியில் இருந்து பழக வேண்டிய காலமும் 20 வாரமாக நீண்டது. இவ்வளவு செய்தும் ஒரு பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்த நாளோடு வழிகாட்டி ஆசிரியரும் போய்விடுகிறார். உண்மையில் அவர் மிகவும் வேண்டியிருப்பது அதற்குப் பிறகுதான். பயிற்சியின்போது வகுப்பு இன்னொருவருடையது. வேலையில் சேர்ந்த பிறகு, வகுப்பின் நாற்பது பிள்ளைகளும் புதியவருடைய பொறுப்பு.

ஊரும் பெரிய சாரும்

காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் பள்ளி இல்லாத ஊர்களுக்கெல்லாம் பள்ளி போனது. 1956-இல் மதிய உணவு வந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர் ஊராக நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அப்படித் திறந்த பள்ளிகளில் பல, ஓராசிரியர் பள்ளிகள். இளம் வயதிலேயே பயிற்சி முடித்துவிட்டு வந்தவர், ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துச் சமாளித்தார். அவருக்கு யார் துணை? பெரும்பாலும் ஊர்தான். பேருந்து அரிதாக இருந்த காலத்தில் வாத்தியார் ஊரிலேயே குடியிருந்தார். எந்தப் பிள்ளை ஆடு மேய்க்கப் போகிறது, எந்த வீட்டில் அம்மா இல்லை என்பதெல்லாம் சாயங்காலத் திண்ணைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். பக்கத்து ஊர்ப் பெரிய சாரைப் பார்க்க சைக்கிள் போதும். அவரிடம் பல வருடத்துப் பாடக் குறிப்பேடுகள் இருக்கும். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை எப்படிப் புரியவைப்பது என்பதற்கு அவரிடம் புளியங்கொட்டை வழி ஒன்று இருக்கும்.

பல வட்டாரங்களில் ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை ஏதாவதொரு பள்ளியில் கூடுவார்கள். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு பேச்சு நடக்கும். உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் அறை இருந்தது. அங்கே புதியவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் காதில் விழுந்தது பாதிப் பயிற்சி. தலைமை ஆசிரியர் பாடக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதும் இரண்டு வரியில் அடுத்த வாரத்துக்கான வழி இருந்தது. பள்ளித் துணை ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளியே நடுங்கும். ஆனாலும் நல்ல ஆய்வாளர், புதியவரின் கையிலிருந்த சாக்பீஸைத் தாமே வாங்கிப் பாடம் நடத்திக் காட்டிவிட்டுப் போனதும் உண்டு.

அந்தக் காலத்தின் மறுபக்கம்

இதை எண்ணி ஏங்குவதில் மட்டும் நின்றுவிட்டால் நாம் பொய் சொன்னவர்களாவோம். அந்தத் துணை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஆளைப் பொறுத்துக் கிடைத்தது. நல்ல பெரிய சார் வாய்த்தவர் நல்ல ஆசிரியரானார். வாய்க்காதவர், தலைமை ஆசிரியர் வீட்டுக்குக் கடைச் சாமான் வாங்கிக் கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார். உறவும் சாதியும் இருந்த வழியிலேயே உதவியும் போனது. தலித் ஆசிரியருக்கு ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. திண்ணைப் பேச்சில் அவருக்கு இடம் இருக்கவில்லை. ஆண்கள் நிறைந்த ஆசிரியர் அறையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்த ஆசிரியையிடம் யாரும் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆய்வின்போது பிள்ளைகள் முன்னாலேயே திட்டு வாங்கிய இளைஞர், அதற்குப் பிறகு தன் சந்தேகத்தை யாரிடமும் கேட்கத் துணியவில்லை. மூத்தவரிடமிருந்து பாடம் நடத்தும் நுட்பம் வந்ததைப் போலவே பிரம்பும் வந்தது.

ஆகவே, நல்ல மனிதர்களின் தயவில் மட்டும் நின்ற ஒன்றை முறையான ஏற்பாடாக மாற்ற வேண்டும் என்று அரசு நினைத்தது சரிதான்.

மையங்கள் வந்தன

1986-இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. கரும்பலகைத் திட்டம் 1987 முதல் ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியரைக் கொண்டுவர முனைந்தது. பின்னால் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும் அனைவருக்கும் கல்வி இயக்கமும் வந்து வட்டார வள மையங்களையும் குறுவள மையங்களையும் உண்டாக்கின. ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவி பிறந்தது. பள்ளிகளுக்குப் போய் ஆசிரியருக்கு உதவுவதற்கென்றே ஒருவர் இருப்பார் என்பது காகிதத்தில் எவ்வளவு அருமையான ஏற்பாடு!

இந்தக் காலத்தின் சிறந்த பக்கம் செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில் அது தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலிக்கு ஆசிரியர்கள் போய், அங்கே பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமாகப் படிப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. அந்த முறையைப் பற்றிய வாதங்கள் தனி. ஆசிரியர் இன்னொரு ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து மாறினார் என்பதுதான் அதன் தொடக்கத்தில் இருந்த வலிமை. மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் கொண்டுபோனபோது அந்த நேரடித் தொடர்பு மெலிந்துபோனது.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஆசிரியர் கையேடு வருகிறது, பயிற்சி நடக்கிறது. மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகள் கிடைக்கின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் துணைக்கருவிகளின் படங்கள் நாளும் வந்து விழுகின்றன. முப்பது வருடத்துக்கு முன் ஒரு குக்கிராமத்து ஆசிரியருக்குக் கிடைக்காத பொருள்வளம் இது. நன்றியோடு சொல்ல வேண்டிய முன்னேற்றம்.

ஆனால் பயிற்சி என்பது மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், ஒன்றியக் கருத்தாளர் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. மேலே செயலாக இருந்தது கீழே வரும்போது சொற்பொழிவாகிவிடுகிறது. இருபது வருட அனுபவம் உள்ளவரும் இருபது நாள் அனுபவம் உள்ளவரும் ஒரே அறையில் அதையே கேட்கிறார்கள். பயிற்றுநர் பள்ளிக்கு வந்தாலும் கையில் நிரப்ப வேண்டிய படிவம் இருக்கிறது. அவர் தலையில் புள்ளிவிவரம், கணக்கெடுப்பு, விழா ஏற்பாடு எல்லாம் சுமத்தப்பட்டிருக்கின்றன. ஆசிரியருக்கோ ‘எமிஸ்’ என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு. ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்த நேரத்தைக் கைப்பேசித் திரை எடுத்துக்கொண்டுவிட்டது.

பிரம்பு போன இடத்தில்

முதல் வருடத்தில் புதியவருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது? பாடத்தில் சந்தேகம் என்றால் புத்தகம் இருக்கிறது, செயலி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளையை, அவன் கூச்சப்படாமல் எங்கிருந்து தொடங்கி வாசிக்க வைப்பது? கேள்வி கேட்டால் முன்வரிசையில் நான்கு பேர் மட்டுமே கை தூக்கும் வகுப்பில் மற்ற முப்பத்தாறு பேரை எப்படிப் பேச வைப்பது? முதல் மணியிலேயே தூங்கும் பையன் இரவில் எங்கே வேலைக்குப் போகிறான் என்று யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? கோபத்தோடு வரும் அப்பாவை எப்படி உட்கார வைத்துப் பேசுவது? இவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதர்தான் பதில் சொல்ல முடியும்.

இவற்றில் மிகக் கடினமானது வகுப்பை அமைதியாக நடத்துவது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. குழந்தைகளின் வாழ்க்கையில் இந்தச் சட்டம் செய்த நன்மை மிகப் பெரியது. ஆனால் இன்று வகுப்பில் நிற்கும் புதியவர்களில் பலர் பிரம்பு வைத்திருந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள். அடிக்காமல் நாற்பது பேரைக் கவனிக்க வைப்பதைக் கண்ணால் கண்டிராதவர்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவது, சத்தம் போடுபவனுக்கே ஒரு பொறுப்பு கொடுப்பது, பாடத்தை நிறுத்திக் கதை ஒன்றைத் தொடங்குவது, குறும்பு செய்தவனிடம் மணி அடித்த பிறகு தனியாகப் பேசுவது என்று இதற்கு நூறு வழிகள் உண்டு. அனுபவமுள்ள ஆசிரியைகளிடம் அவை குவிந்து கிடக்கின்றன. அவர்கள் வகுப்பை ஒரு வாரம் பார்த்தால் புதியவருக்குப் பாதி பயம் போய்விடும். சட்டம் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னது. அந்த இடத்துக்கு வர வேண்டிய திறமையைக் கொடுக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது.

புதியவருக்கு எஞ்சும் பள்ளி

பொது மாறுதல் கலந்தாய்வு முதலில் நடக்கும். மூத்தவர்கள் சொந்த ஊருக்குப் பக்கமாக இடம் பெறுவார்கள். அது அவர்கள் நியாயமாகச் சம்பாதித்த உரிமை. அதன் பிறகு மிஞ்சும் இடங்கள், அதாவது மலையடிவாரம், பேருந்து குறைந்த ஊர், ஈராசிரியர் பள்ளி எல்லாம் புதியவர்களுக்கு. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் புதியவர் தலையில். மிகவும் அனுபவம் கேட்கும் பள்ளிக்கு அனுபவமே இல்லாதவரை அனுப்புகிறோம்.

நியமன முறைகள் மாறியதும் இதில் சேர்ந்துகொண்டது. 2003 முதல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், 2006 ஜூன் 1-இல் முறைப்படுத்தப்படும்வரை, வேலை நிலைக்குமா என்ற கவலையோடேயே தங்கள் முதல் வருடங்களைக் கழித்தார்கள். 2014-க்குப் பிறகு நேரடி நியமனங்கள் பல ஆண்டுகள் அரிதாகிவிட்டன. 2018-இல் தகுதித் தேர்வுக்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு என்ற அரசாணை வந்தது. அந்தத் தேர்வுகள் 2024-இல்தான் நடந்தன. இதனால் இன்று ‘புது ஆசிரியர்’ என்று வருபவர்களில் பலர் முப்பதைக் கடந்தவர்கள். தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்தவர்கள். எல்லாம் தெரிந்தவர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தெரியவில்லை என்று சொல்ல அவருக்கும் தயக்கம்.

தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். தொடர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணி. அது முடிந்ததாக ஆணை வாங்கச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக் கடிதங்களுக்காக ஆசிரியர்கள் அலைகிறார்கள். அந்த இரண்டு ஆண்டில் வகுப்பறையில் அவர் எப்படி வளர்ந்தார் என்பது அந்தக் கோப்பில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை.

நேரம் ஒதுக்கியவர்கள்

ஜப்பானில் புதிய ஆசிரியருக்கு முதல் வருடப் பயிற்சி சட்டப்படி கட்டாயமாகி, 1989-இல் தொடக்கப் பள்ளிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலேயே ஒரு மூத்த ஆசிரியர் வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறார். ஸ்காட்லாந்து 2002-இல், பயிற்சி முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பணியை உறுதி செய்து, வகுப்பு நேரத்தைக் குறைத்து, வழிகாட்டியையும் கொடுத்தது. இங்கிலாந்தில் 2021 முதல் புதியவருக்கு இரண்டு ஆண்டுத் துணை. முதல் ஆண்டில் பாடவேளையில் 10 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காடும் குறைத்துத் தருகிறார்கள். துணை நிற்பவரும் மதிப்பிட்டு அறிக்கை எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே பொது நெறி. இந்த ஏற்பாடுகளிலும் குறைகள் உண்டு. ஆனால் புதியவருக்கு உதவி செய்வது கால அட்டவணையில் இடம் பெற வேண்டிய வேலை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை வழிகாட்டுதலுக்கான தேசிய இயக்கம் ஒன்றைப் பரிந்துரைத்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2022-இல் மத்தியப் பள்ளிகள் 30-இல் அதைச் சோதனையாகத் தொடங்கியது. அது பெரும்பாலும் இணையத்தின் வழியே வழிகாட்டியையும் ஆசிரியரையும் இணைப்பது. தூரத்தில் இருக்கும் அறிஞரோடு பேசுவது நல்லதுதான். ஆனாலும் அவர் எட்டாம் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல மரபு ஒன்றும் இருக்கிறது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலும் பங்கெடுத்த ஆசிரியர்கள், யார் உத்தரவும் இல்லாமல், ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்தார்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வையும் கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ மொழிபெயர்ப்பையும் கைமாற்றிப் படித்தார்கள். பேராசிரியர் ச. மாடசாமி போன்றவர்கள் வகுப்பறையைப் பற்றி எழுதியதை வைத்து மணிக்கணக்கில் பேசினார்கள். மனம் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

செய்ய வேண்டியது

புதிதாகப் பணியேற்கும் ஒவ்வொருவருக்கும் அதே பள்ளியிலிருந்தோ, அதே குறுவள மையத்துப் பள்ளியிலிருந்தோ ஒரு மூத்த ஆசிரியரை அரசு பெயர் குறித்து நியமிக்க வேண்டும். இருவருக்கும் வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது விடுவிக்க வேண்டும். ஒன்று மூத்தவரின் வகுப்பைப் புதியவர் பார்க்க, இன்னொன்று புதியவரின் வகுப்பை மூத்தவர் பார்க்க. அந்த மூத்தவர் யாருக்கும் அறிக்கை எழுதக் கூடாது. புதியவர் அவரிடம் “இன்று என் வகுப்பு கைமீறிப் போய்விட்டது” என்று பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் யாரையும் ஆள் குறைந்த பள்ளியில் தனியே விடக் கூடாது. அப்படித்தான் விட வேண்டியிருந்தால், பக்கத்தில் ஓய்வு பெற்றிருக்கும் நல்லாசிரியர் ஒருவரையாவது மாதம் சில நாள் மதிப்பூதியத்தோடு அழைக்க வேண்டும். பயிற்றுநரின் தலையிலிருந்து படிவங்களை இறக்கி, அவரைப் பதவியின் பெயருக்கேற்ற வேலைக்குத் திருப்ப வேண்டும்.

இவற்றுக்குப் புதுக் கட்டடமோ புதுச் செயலியோ வேண்டியதில்லை. ஆசிரியரின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மனம் வேண்டும். அரசாணை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வரும் ஜூன் மாதத்தில் ஒரு புதியவர் பணியேற்க வரும்போது, தலைமை ஆசிரியர் கால அட்டவணையில் அவருக்கும் ஒரு மூத்தவருக்கும் ஒரே மணியை ஓய்வாக வைத்துக் கொடுத்தாலே போதும். ஓர் ஆசிரியரின் கைகளில் முப்பது வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்கிறார்கள். அவருடைய முதல் வருடத்தில் நாம் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பிள்ளைகள் எல்லோருக்குமாகச் செலவிடும் நேரம்.